நடு வரிசை

போன கிழமை மகேந்திரராசா டெலிபோன் எடுத்தான். என் தமையனின் மகள் யோகமலரைக் கட்டினவன். நல்ல பொடியன்தான், ஆனால் எதற்கும் ஒரு அந்தரம், பதைபதைப்பு.

"மாமி, நீங்கள் முந்தி ஒருக்கா மோட்டர்ஹோம்காரரின்ரை பெரிய கூட்டத்துக்குப் போனனீங்களாமே? நாங்களும் ஒண்டை வாடகைக்கு எடுத்துக்கொண்டு போகப்போறம். முதல்தரம். என்னென்ன கவனிக்கவேணும் எண்டு சொல்லுங்கோவன்."

"யோகமலர் எங்கை?"

"குசினிக்குள்ளை. உங்களைச் சுகம் கேட்டதெண்டு சொல்லச் சொன்னவ."

"நீ சொல்லாதை. அவளைக் கூப்பிடு. பிள்ளையளையும் கூப்பிடு."

எங்கள் சொந்தத்தில் எல்லோருக்கும் தெரியும், என்னோடு டெலிபோனில் கதைப்பதென்றால் வீட்டில் உள்ள அத்தனை பேரும் வரிசையாக வந்து வாய்திறக்கவேண்டும். 'அவர் சுகமாம்', 'அவள் சரியாம்' என்கிற கதையெல்லாம் என்னிடம் செல்லாது. எனக்குப் பின்னால் பகிடி பண்ணுகிறார்கள் என்பதும் தெரியும். பண்ணட்டும். யோகமலர் வந்தாள், மூத்தவள் வந்து "போன்ஜூர்" என்றாள், சின்னவன் வந்து "வணக்கம்" என்றான். அதற்குப் பிறகுதான் மகேந்திரராசாவுக்கு மறுமொழி சொன்னேன்.

"ஓரத்திலை நிப்பாட்டு."

"அவ்வளவுதானோ மாமி?"

"அவ்வளவுதான். என்ன சொன்னாலும் நடுவுக்குள்ளை போகாதை."

அவன் சிரித்தான். காரணம் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன், டெலிபோனில் சொல்லுகிற கதையில்லை இது. இங்கே எழுதி வைக்கிறேன்.

எண்பத்தாறாம் ஆண்டு கோடை. நான் மொன்ட்ரியாலுக்கு வந்து இரண்டு வருசமாகப் போகிறது. புருஷன் உருத்திரமூர்த்தியை எண்பத்திமூன்று கலவரத்தில் பறிகொடுத்துவிட்டு, ஒரே பிள்ளை நகுலேஸ்வரனை யாழ்ப்பாணத்தில் அக்கா சிவநேசத்தோடு விட்டுவிட்டு வந்தவள் நான். ஒருவர்தான் போகலாம் என்ற நிலைமை. முதலில் நான் போய் அவனைக் கூப்பிடுவது என்று பேச்சு. இங்கே அகதிப் பத்திரம் வந்தால்தானே கூப்பிடுவதற்கு? வழக்கு இன்றைக்கு, நாளைக்கு என்று இழுபட்டுக்கொண்டு கிடந்தது.

பார்க் எக்ஸ்டென்ஷனில் ஒரு மாடிவீட்டில் ஒரு அறையில் இருந்தேன். அந்த வீடு மட்டக்களப்புக்காரி சிசிலியும் அவள் புருஷன் தம்பிமுத்து அண்ணையும் வாடகைக்கு எடுத்தது. சிசிலிக்கு என்னைவிட வாய் நீளம், அதனால்தான் எங்கள் இருவருக்கும் ஒத்துப்போனது. தம்பிமுத்து அண்ணை வேறு மாதிரி. தேவாலயத்தில் பாடுகிறவர். ஒருவர் மனம் நோக ஒரு வார்த்தை அவர் வாயில் வராது. வீட்டுக்காரக் கிரேக்கர்கள் கீழ்த்தட்டில் இருந்தார்கள். மாடியில் ஒரு டெலிபோன், கீழே ஒரு டெலிபோன், நடுவில் ஒரு மரப்படிக்கட்டு. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஓகஸ்ட் மாதம் அக்கா கொழும்பிலிருந்து எடுத்தா. பாஸ்போட் அலுவலாகப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தா, ஆனால் அவன் பக்கத்தில் இல்லாத நேரம் பார்த்துத்தான் எடுத்தா.

"பிள்ளை, பொடியன் நிக்கமாட்டான் போலை கிடக்கு. கூட்டாளிப் பொடியள் எல்லாம் இயக்கத்துக்குப் போட்டாங்கள். இவனும் போகத்தான் போறன் எண்டு நிக்கிறான். அம்மா ஒரு சொல்லுச் சொன்னா நிப்பன் எண்டுறான். வாற ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் உன்னோடை கதைக்கட்டும். அடுத்தநாள் நாங்கள் திரும்பிப் போயிடுவம்."

வெள்ளவத்தையில் ஒரு கடைக்காரர் ஞாயிறு பின்னேரம் கடை பூட்டின பிறகுதான் டெலிபோனைத் தொட விடுவார். அங்கே ஞாயிறு பின்னேரம் என்றால் இங்கே ஞாயிறு காலை. பதினெட்டு வயதுப் பிள்ளை. இரண்டு வருசம் நான் அவன் குரலைக் கேட்கவில்லை. அந்தக் கிழமை முழுக்க என்ன சொல்லுவது, எப்படிச் சொல்லுவது என்று பாத்திரம் கழுவும்போதும் எனக்குள்ளேயே கதைத்துக்கொண்டு திரிந்தேன்.

நான் அப்போது செலீன் என்ற கியூபெக்காரியின் வீட்டில் வேலை. அவளுக்குக் கை முறிந்து மாக்கட்டுப் போட்டிருந்தது. அவள் புருஷன் வலன்ரைன் பஸ் ஓட்டி ஓய்வெடுத்தவர், ஓய்வெடுத்தும் ஆசை தீராமல் ஒரு பஸ் அளவு மோட்டர்ஹோம் வாங்கி வாசலில் நிறுத்தியிருந்தார். உள்ளே அடுப்பு, கட்டில், கக்கூஸ் எல்லாம் இருக்கும். மொன்ட்ரியாலுக்கு வெளியே தூரத்துக் கிராமம் ஒன்றின் வயலில் மோட்டர்ஹோம்காரரின் பெருங்கூட்டம் ஒன்று நடக்கப்போகிறது, தாங்கள் இதுவரை போனதில்லை, சமைக்கக் கழுவ நீயும் வா என்றார்கள். ஞாயிறு காலை நான் வீட்டில் நிற்கவேண்டும் என்றேன். வலன்ரைன் நெஞ்சில் கையை வைத்து, சனிக்கிழமை இரவுச் சாப்பாடு உன் வீட்டில்தான் என்று சத்தியம் பண்ணினார். நல்ல மனிசன். பொய்க்குச் சொல்லவில்லை. ஆனால் முதல்முறை போகிறவன் எதைத் தெரிந்து சத்தியம் பண்ணுவது?

வெள்ளிக்கிழமை பின்னேரம் போய்ச் சேர்ந்தோம். கடவுளே, அந்த வயல்! கண்ணுக்கெட்டிய தூரம் மோட்டர்ஹோம். செம்மஞ்சள் மேலங்கி போட்ட ஆட்கள் கொடியை ஆட்டி ஆட்டி ஒவ்வொன்றாக உள்ளே விட்டார்கள். ஓரத்தில் இடம் இருந்தது, என் கண்ணால் கண்டேன். வலன்ரைனுக்கு அது பிடிக்கவில்லை. பாட்டுக்கச்சேரி மேடைக்குப் பக்கத்தில் நிற்கவேண்டுமாம். கொடிக்காரன் தலையை ஆட்டினான், நாங்கள் நடு வரிசைக்குள் போனோம். எங்களுக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, இரண்டு பக்கமும் ஒவ்வொன்று, அதற்கு அப்பாலும் அப்படியே. கதவைத் திறந்தால் அடுத்தவனின் சுவரில் முட்டியது.

கழுத்தில் பெயர் எழுதின அட்டை ஒன்றைத் தொங்கவிட்டார்கள். முதல்முறை வந்தவர்களுக்கு அதில் ஒரு பச்சை ரிபன். பச்சை ரிபனைக் கண்டால் எல்லோரும் வந்து வரவேற்கவேண்டும் என்பது அங்கே வழக்கம். எனக்கு இதை யார் சொன்னது? ஒரு மனிசன் கதவால் எட்டிப்பார்த்து "போன்ஜூர்" என்றான். வாசலுக்கு வந்தவனை வெறும் வாயோடு அனுப்புகிறதா? உள்ளே இருத்தி, இஞ்சி தட்டிப்போட்டு ஒரு தேத்தண்ணி கொடுத்தேன். அவன் குடித்தான், புகழ்ந்தான், எழும்பவில்லை. அவர்கள் வழக்கத்தில் வீட்டுக்காரி ஊற்றிக்கொண்டிருக்கும்வரை எழும்புவது மரியாதையில்லையாம். எங்கள் வழக்கத்தில் வந்தவர் இருக்கும்வரை ஊற்றாமல் விடுவது மரியாதையில்லை. பிறகென்ன, அவனும் எழும்பவில்லை, நானும் விடவில்லை. அவன் மனிசி தேடி வந்தாள், அவளுக்கும் ஒன்று. பொழுதுபடுவதற்குள் அந்த வயலில் பாதிப்பேருக்கு என்னைத் தெரிந்துவிட்டது. செலீன் மாக்கட்டுக் கையைத் தூக்கிக்கொண்டு சிரித்துச் சிரித்துக் களைத்தாள். எனக்கும் சிரிப்பு வந்ததுதான், பொய் சொல்லுவானேன்.

அன்றிரவு மழை கொட்டியது. சனிக்கிழமை முழுவதும் விட்டு விட்டுப் பெய்தது. பின்னேரம் நான் என் பையைக் கட்டிக்கொண்டு வலன்ரைனுக்கு முன்னால் போய் நின்றேன். அவர் கொடிக்காரரைத் தேடிப் போனார். திரும்பி வரும்போது அவர் முகத்தைப் பார்த்தவுடனேயே பையைக் கீழே வைத்தேன்.

ஞாயிறு மத்தியானம் கூட்டம் முடியும்வரை ஒரு வண்டியும் அசைய முடியாதாம். எங்களை வெளியே எடுக்க முன்னால் நிற்கிற வரிசை முழுவதும் எடுக்கவேண்டும். எடுத்தால் எல்லாம் சேற்றில் புதையும். ஊரில் ஒரேயொரு டாக்சி, அதுவும் ஒரு கலியாணத்துக்குப் போய்விட்டது. பஸ் ஞாயிறு மத்தியானம்தான். வலன்ரைன் தொப்பியைக் கையில் வைத்துத் திருகிக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தத் தொப்பியைப் பறித்து மிதித்திருப்பேன். செலீன் என்னைக் கட்டிப்பிடித்து அழுதாள். அவளுடைய அழுகையை வைத்து நான் என்ன செய்ய?

அந்த மோட்டர்ஹோம் பெட்டிக்குள் படுக்கையும் இருந்தது, அடுப்பும் இருந்தது, இருந்து சமாளிக்க வேண்டிய எல்லாம் இருந்தது. ஜன்னலைத் திறந்தால் மற்றப் பெட்டியின் ஜன்னல். நான் கொழும்பில் கலவர நேரத்தில் அகதிமுகாமில் இருந்தவள். அங்கேகூட எனக்கு மூச்சு இப்படி முட்டவில்லை.

ஞாயிறு காலை விடிந்ததும் விடியாததுமாகக் வயலின் வாசல் கேற்றுக்குப் பக்கத்தில் இருந்த டெலிபோன் பெட்டிக்குப் போனேன். வெள்ளைச் சப்பாத்து சேற்றில் கறுப்பாகிவிட்டது. எனக்கு முன்னால் வரிசை. ஆனால் எல்லோரும் என் தேத்தண்ணி குடித்தவர்கள், பச்சை ரிபனைக் கண்டு வழிவிட்டார்கள். உள்ளே போய்க் கதவைச் சாத்தி, எங்கள் வீட்டு இலக்கத்தைச் சுழற்றினேன். சிசிலி எடுத்தாள். அன்றைக்கு அவர்கள் இருவரும் பூசைக்குப் போகாமல் என் பிள்ளைக்காக டெலிபோனுக்குப் பக்கத்தில் காவலிருந்தார்கள்.

"வந்திட்டுதோ சிசிலி?"

"இன்னும் இல்ல கா. நீ எங்க நிக்கிறாய்?"

"மாட்டுப்பட்டுப் போனன். என்னாலை வரேலாது. நகுலன் எடுத்தா அவனைப் போகவேண்டாம் எண்டு—"

"நான் சொல்லுறன், நீ முதல்ல போன வை! நீ பிடிச்சுக்கொண்டு நிண்டா அவன் எப்பிடி கா எடுக்கிற?"

அடித்து வைத்தேன். என் பிள்ளையின் பாதையை நானே மறித்துக்கொண்டு நிற்கிறேன். வெளியே வந்தேன். ஒரு கிழவி என் தோளைத் தட்டி ஏதோ பிரெஞ்சில் சொன்னாள். "மெர்சி" என்றேன். பத்தடி நடந்தேன். திரும்பி வந்தேன். பொறுக்க முடியவில்லை. மறுபடி பெட்டிக்குள் போய்ச் சுழற்றினேன்.

டூட், டூட், டூட்.

லைன் எங்கேஜ். அவன்தான். வேறு யார் அந்த நேரம் எடுக்கப்போகிறார்கள்? என் பிள்ளை அந்தச் சத்தத்துக்கு உள்ளே இருக்கிறான், கதைத்துக்கொண்டிருக்கிறான், எனக்குக் கேட்பது அந்த டூட் மட்டும்தான். ரிசீவரைக் காதோடு அமத்திக்கொண்டு நின்றேன், அப்படி அமத்தினால் ஏதோ கேட்டுவிடும் என்பதுபோல.

அப்போதுதான் கீழ்வீட்டு இலக்கம் ஞாபகத்துக்கு வந்தது. சுழற்றினேன். கிரேக்கக் கிழவி தேவாலயத்துக்குப் போயிருந்தாள், கிழவன் எடுத்தான். ஆங்கிலம் அவனுக்கும் அரைகுறை, எனக்கும் அரைகுறை. "மேலே! சிசிலி! சிசிலி!" என்று கத்தினேன். பாவம், அந்த மனிசனுக்கு முழங்கால் வருத்தம். படிக்கட்டில் அவன் ஒவ்வொரு படியாக ஏறுவது எனக்குக் கேட்டது. ஏறு, ராசா, ஏறு என்று இங்கே நின்று நான் மன்றாடினேன். கடைசியில் தடதடவென்று யாரோ இறங்கி வந்தார்கள்.

"தங்கச்சி! நான் தம்பிமுத்து. மகன் லைன்ல நிக்கிறார். சிசிலி மேல பிடிச்சிருக்கா. நீங்க சொல்லுங்க, நான் மேல சொல்லுறன், அவ அவருக்குச் சொல்லுவா."

இரண்டு டெலிபோனுக்கும் நடுவில் அந்தப் படிக்கட்டு. மேலே சிசிலி, கீழே அவர். நான் கிழமை முழுக்கச் சேர்த்து வைத்திருந்த சொல்லெல்லாம் எங்கே போனதோ தெரியாது. வாயைத் திறந்தவுடன் ஏச்சுத்தான் வந்தது. எனக்குப் பயம் வந்தாலும் அன்பு வந்தாலும் வாயில் வருவது அதுதான்.

"மூதேசி, போனியெண்டா ரெண்டு காலையும் அடிச்சு முறிப்பன் எண்டு சொல்லுங்கோ!"

தம்பிமுத்து அண்ணை மேலே பார்த்துச் சொல்வது கேட்டது: "சிசிலி, அம்மா மெத்தக் கவலைப்படுறாவாம். போகவேணாமாம் எண்டு சொல்லு."

பிறகு மேலே இருந்து சிசிலியின் குரல், இவர் வழியாக வந்தது. "தங்கச்சி, அவர் நம்புறார் இல்ல. அது அம்மா இல்லையாம். அம்மாவெண்டா இப்பிடிக் கதைக்கமாட்டாவாம். நாங்க சும்மா சொல்லுறமாம்."

"ஐயோ, நான் சொன்னதை அப்பிடியே சொல்லுங்கோ அண்ணை! ஒரு சொல்லும் மாத்தாதேங்கோ!"

அந்த மனிசனுக்கு அது எவ்வளவு பெரிய பாடாக இருந்திருக்கும்! வாழ்க்கையில் ஒருவரையும் ஏசாத மனிசன், ஞாயிற்றுக்கிழமை காலை, கிரேக்கக் கிழவன் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருக்க, அந்தப் படிக்கட்டில் நின்று அடித்தொண்டையால் கத்தினார்: "மூதேசி! ரெண்டு காலையும் அடிச்சு முறிப்பன்! கிணத்துக்கட்டிலை ஏறி நிண்டு வாங்கின அடி காணாதோ? பள்ளிக்கூடத்துக்கு ஒழுங்காப் போகத் தெரியாத கழுதைக்குத் துவக்குப் பிடிக்கத் தெரியுமோ?" நான் ஒவ்வொன்றாகச் சொல்ல அவர் அதை அப்படியே கத்த, அவர் கத்தினதைச் சிசிலி மேலே கத்தினாள். பெட்டிக்கு வெளியே கண்ணாடியில் முகங்கள். எல்லாம் என்னைப் பார்த்து மெல்லச் சிரித்துத் தலையாட்டின. தூரத்தில் ஒருவன் அக்கோடியன் வாசிக்கத் தொடங்கியிருந்தான். நான் கண்ணாடிப்பெட்டிக்குள் நின்று என் பிள்ளையை ஏசிக்கொண்டிருந்தேன்.

"இப்ப என்ன சொல்லுறான்? அண்ணை, என்ன சொல்லுறான்?"

மேலே சிசிலி ஏதோ கத்தினாள். எனக்குச் சரியாகக் கேட்கவில்லை.

"சரியாம், தங்கச்சி. போகல்லையாம்."

"மெய்யாவோ?"

"மெய்தான். சரி எண்டுறார். இனி நீங்க போன வைங்க, ஆறுதலா வாங்க."

நான் வைத்தேன். வெளியே வந்தபோது என் முகத்தில் என்ன இருந்ததோ, வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் கைதட்டினார்கள். அந்தக் கிழவி என்னைக் கட்டிப்பிடித்தாள். நான் மோட்டர்ஹோமுக்குப் போய், இருந்த தேயிலை முழுவதையும் போட்டுப் பெரிய சட்டியில் தேத்தண்ணி வைத்து, வந்தவர் போனவர் எல்லோருக்கும் கொடுத்தேன். வலன்ரைனை மன்னித்தேன். அவருடைய தொப்பியையும் மன்னித்தேன். மத்தியானம் வரிசை வரிசையாக வண்டிகள் அவிழ்ந்து போனதைப் பார்த்துக்கொண்டு நின்றபோது, உலகத்தில் என்னைவிடச் சந்தோசமான பெண் ஒருத்தி இல்லை.

ஒரு மாதம் அப்படி இருந்தேன். பிறகு அக்காவிடமிருந்து செய்தி வந்தது. நகுலன் இயக்கத்துக்குப் போய்விட்டான். அதற்கு அடுத்த வருசம் இன்னொரு செய்தி வந்தது. அதை நான் இங்கே எழுதப்போவதில்லை.

முதல் செய்தி வந்த அன்றே தம்பிமுத்து அண்ணையை அந்தப் படிக்கட்டில் மறித்தேன்.

"அண்ணை, அவன் சரி எண்டு சொன்னவன்தானே?"

அவர் கைபிடிக் கட்டையைப் பிடித்துக்கொண்டார். "இல்லத் தங்கச்சி. அவர் ஒண்டும் சொல்லல்ல. அழுதவர். சிசிலி 'அழுறான், அழுறான்' எண்டுதான் மேல நிண்டு கத்தினா. தாயிட ஏச்சக் கேட்டு ஒரு புள்ள அழுதா, அது சரி எண்டதுதானே எண்டு நான் நினைச்சன். உங்களுக்கும் மனம் ஆறட்டும் எண்டு சிசிலியையும் நான்தான் வாய் திறக்க விடல்ல…"

அவரை நான் என்ன சொல்லி ஏசுவது? எனக்கு ஏச்சே வரவில்லை. அழுகிறான் என்று சொல்லியிருந்தால் நான் போனை வைத்திருக்கமாட்டேனே. என் ஏச்சு நின்றிருக்கும். அழாதை ராசா என்று ஒரு சொல் சொல்லியிருப்பேன். அம்மா ஒரு சொல்லுச் சொன்னால் நிற்பேன் என்றுதானே அவனும் கேட்டான். என் கையில் டெலிபோன் இருந்தது, அவன் கையில் டெலிபோன் இருந்தது, அந்தச் சொல் மட்டும் போகவில்லை.

நேற்றுச் சனிக்கிழமை மகேந்திரராசா தங்கள் கூட்டம் நடக்கிற வயலிலிருந்து எடுத்தான். இப்போது ஆளுக்கொரு போன் கையில் இருக்கிறது.

"மாமி, சொன்னமாதிரி ஓரத்திலைதான் நிக்கிறம். இடம் நல்ல விசாலம். பிள்ளையள் சந்தோசமா நிக்கினம்."

"நீ சொல்லாதை. அதுகளைக் கூப்பிடு."

மூத்தவள் வந்து கதைத்துவிட்டுப் போனாள். சின்னவனின் கையில் கொடுத்தார்கள். மூக்கை உறிஞ்சுவது மட்டும் கேட்டது. பின்னால் மகேந்திரராசா, "ஒண்டுமில்லை மாமி, ஐஸ்கிரீம் விழுந்திட்டுது, அதுக்குத்தான்" என்றான்.

"நீ பேசாமல் இரு" என்று அவனை அதட்டினேன்.

"அழாதை ராசா" என்று சின்னவனுக்குச் சொன்னேன். "அழாதை ராசா. நான் இஞ்சை நிக்கிறன்."

அவன் அழுது முடிந்து, தானாகப் போனை வைக்கும்வரைக்கும் நான் வைக்கவில்லை.